பேரு போட வேண்டாம்னு சொன்ன அக்காவுக்கு

திருப்பூர் மாநகராட்சிப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தவறாம, மத்திய அரசு படிப்பு உதவித்தொகைக்கு நடத்துற என்எம்எம்எஸ் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு நன்றிங்க.

மனத்திறன்ல 90 கேள்வி, பாடத்துல 90. கேள்விக்கு ஒரு நிமிஷம்தான். பிள்ளைக மாட்டிக்கிறது எண் தொடர்ல. பக்கத்துப் பக்கத்து எண்ணோட வித்தியாசத்தைப் பென்சில்ல எழுது, ஒழுங்கு தெரியலைன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு பாரு, அப்பவும் பிடிபடலைன்னா நகர்ந்துருன்னு பழக்குனீங்க. ஆனா கேள்வியை விட்டா வட்டத்தை நிரப்புற ஓஎம்ஆர் விடைத்தாள்ல விடையெல்லாம் ஒரு வரிசை தள்ளிப்போயிருமே! அதுக்குத்தான் பத்துக் கேள்விக்கு ஒருக்கா எண்ணைச் சரிபார்க்கச் சொன்னீங்க. தப்புக்கு மார்க் கழிக்கிறதில்லை, அதனால கடைசியில காலி வட்டமே இருக்கக்கூடாது.

அதைவிடப் பெரிய உபகாரம் பேங்க் வேலைங்க. தேர்வாகியும் மாசம் 1000 ரூபாய் உதவித்தொகை வராம நின்னுபோறதுக்கு ஆதார்ல ஒரு இனிஷியல், பாஸ்புக்குல வேறொண்ணு இருந்தாப் போதும். பனியன் கம்பெனி ஷிப்டை விட்டு வரமுடியாத அம்மாக்களுக்காக, ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா ஒப்பிட்டீங்க. பன்னெண்டாவது வரைக்கும் உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னு பாஸ்புக் அட்டையிலேயே சீட்டு ஒட்டுனீங்க.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துருங்கக்கா.