இடுப்புவலிக்கு ஆப்: அளவு சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆப் ஒன்றை இறக்கிவிட்டால் இடுப்புவலி போய்விடும் என்கிற விளம்பரங்கள் இப்போது யூடியூபில் அடிக்கடி வருகின்றன. பலன் உண்டா என்றால் உண்டு, கொஞ்சமாக. டென்மார்க்கிலும் நார்வேயிலும் 461 பேரை வைத்து, வழக்கமான சிகிச்சையோடு ‘செல்ஃப்பேக்’ என்ற செயலியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் கிடைத்த முன்னேற்றம் சிறியதே. தவறாகப் பயன்படுத்தினால் அதுவும் மிஞ்சாது.

முதல் தவறு, வலியை எண்ணிக்கொண்டே இருப்பது. காலையில் 6, மதியம் 7, இரவு 5 என்று பத்துக்கு மதிப்பெண் போடுகிறவரின் கவனம் நாள் முழுக்க வலியிலேயே நிற்கும். ஒரு புள்ளி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பெரிய அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் போட்டால் போதும். கூடவே ஒரு வேலையையும் குறிக்க வேண்டும்: தண்ணீர்க்குடம் எத்தனை நடை, பஸ்ஸில் நின்றபடி எத்தனை ஸ்டாப், குனிந்து கோலத்தை முடிக்க முடிந்ததா. வலியின் எண் அசையாதபோதும் இந்தக் கணக்கு முன்னேறுவதுண்டு.

நடைக்கு அளவு இப்படி: மூன்று நாள், வலி கூடத் தொடங்கும்வரை நடந்து நிமிடத்தைக் குறிக்கவும். 8, 12, 10 என்றால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடத்தில் ஆரம்பித்து, வாரம் 5 நாள் நடந்து, வாரத்துக்கு 1 அல்லது 2 நிமிடம் கூட்டலாம். வலி கூடிய நாளில் பாதி நடந்தால் போதும், விட்டுவிடக் கூடாது. உண்மையில் ஆபத்து நல்ல நாளில்தான். 8 நிமிடக்காரர் உற்சாகத்தில் 40 நிமிடம் போய்விட்டு மூன்று நாள் படுத்துவிடுவார். ஆப்போ அன்றைக்குக் கைதட்டிப் பதக்கம் கொடுத்திருக்கும்!

காலடிக் கணக்கை நம்பாதீர்கள். பைக்கின் குலுக்கலையும் போன் அடியாக எண்ணிவிடலாம். சார்ஜில் கிடந்தால் வீட்டுக்குள் நடந்தது ஏறாது. நினைவூட்டல் வரவில்லை என்றால், போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பை நிறுத்தியிருக்கலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால், செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றவும்.

பயிற்சி வீடியோவில் இன்னொரு சிக்கல். முட்டிபோட்டுக் கையூன்றி, ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டும் பயிற்சியில், திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கியதும் இடுப்பு உள்வாங்கித் தொய்ந்துவிடும். முதலில் பார்த்துக்கொண்டு, செய்யும்போது குரலை மட்டும் கேட்பதே சரி.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவரின் புதிய வலி ஆகியவற்றையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் வலி தீர்ந்த 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். அளவைச் சொல்லவும் திருத்தவும் அங்கே ஓர் ஆள் இருந்தார்.

நம் ஊரில் அந்த ஆளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். வருகிறவர், நோயாளி பயிற்சி செய்வதை நோயாளியின் போனிலேயே, பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து 30 வினாடி வீடியோ எடுத்துக் கொடுக்கலாம். திருத்தியது தமிழில் அதிலேயே பதிவாகிவிடும். இரண்டாம் வாரம் ஒரு போன், ஆறாம் வாரம் ஒரு போன்: “எத்தனை நிமிடத்துக்கு வந்திருக்கீங்க?” இந்த இரண்டு அழைப்பையும் வேலைப் பட்டியலில் சேர்க்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட்டுகள் சிலர், திருச்சி