லேத்த விக்காதலே மாப்ள

பாளையங்கோட்டை
ஞாயித்துக்கிழமை ராத்திரி

ஏ மாப்ள,

உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சு, பேரன் காய்ச்சல்ல கெடந்தான் அதான் உடனே பதில் போட முடியல, இப்ப தேவல. மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கு, அந்த எண்ணெய் கேட்டுச்சான்னு எழுது. என் கையெழுத்து உனக்கே வெளங்காதுன்னு டைப் அடிச்சு அனுப்புதேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சிக்க.

நம்ம பேட்டை ஐடிஐ செட்டுல பாதிப் பேரு ரிட்டயர் ஆகி பேரப்புள்ளைய பள்ளிக்கூடத்துல விடுத சோலியத்தான் பாக்கானுவ. நீ மட்டும் இந்த வயசுல நாலரை அடி லேத்த (கம்பியச் சுத்தவிட்டுக் கடையிற மெஷின) வாங்கி அம்பாசமுத்திரம் வீட்டுப் புறவாசல்ல எறக்கியிருக்கன்னு கேட்டப்ப எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் பொறாமையும் வந்துச்சு. அதுக்குள்ள மூணே மாசத்துல சவம் மெஷினு சரியில்ல, வந்த வெலைக்குத் தள்ளிரப் போறேன்னு எழுதுத. அவசரப்படாதலே. கம்பி ஒரு பக்கம் பருமனா வருது, பார்ட்டிங் டூலு (கம்பிய அறுத்து எடுக்கிற உளி) படக்கு படக்குன்னு ஒடையுது, ஃபினிஷிங் நார்த்தங்கா தோலு கணக்கா இருக்கு, இந்த மூணையும் ரெண்டு தடவ படிச்சேன். இதுல ஒண்ணுகூட லேத்தோட கொறை மாதிரி எனக்குத் தெரியல. நீ ஃபிட்டரு, மில்லுல முப்பது வருசம் மெயின்டனன்ஸ் பாத்தவன், அங்க லேத்த எவனோ லெவல் பாத்து போல்ட் போட்டு வச்சிருந்தான், நீ போயி சுவிட்சப் போட்ட. இங்க அந்த எவனோவும் நீதான்.

மொதல்ல அந்த டேப்பர், அதான் ஒரு பக்கம் பருமனா வர்றது. எனக்கும் இதே கத நடந்திருக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்லா, வண்ணார்பேட்டையில என் ஷெட்டுல இடுப்பளவு தண்ணி, லேத்து பெட்டு (எல்லாம் மேல உக்காந்திருக்கிற அடிச்சட்டம்) வரைக்கும் சேறு. வடிஞ்சப்பறம் நல்ல தண்ணியில சேத்தக் கழுவி, மண்ணெண்ணெய் ஊத்தித் தொடச்சு, ஹெட்ஸ்டாக் (கம்பியச் சுத்துத தலைப்பெட்டி) ஆயிலத் தொறந்து விட்டா டீ மாதிரி வருது, அத மூணு தடவ மாத்தி, மோட்டார கழட்டி கொண்டுபோயி ஹீட் பண்ணிக் காயவச்சு, பெட்டுல துருவ ஸ்காட்ச் பிரைட்டும் ஆயிலும் வச்சு கையாலயே தேச்சேன் (கிரைண்டர்ல எமெரி டிஸ்க் போட்டு அங்க கை வச்சிராத, அதோட பெட்டு முடிஞ்சுது). இவ்வளவும் பண்ணி ஓட்டுனா 150 மிமீ நீளத்துல 0.12 டேப்பர் அடிக்கி. வெள்ளத்துல பெட்டே வளைஞ்சிட்டுன்னு முடிவு பண்ணி பழைய இரும்புக்கடைக்காரன்ட்ட கிலோ என்ன வெலைன்னு கேட்டுட்டேன். டவுன்ல இருந்து பழைய டர்னர் அண்ணாச்சி ஒருத்தர் வந்தாரு, மெஷினத் தொடக்கூட இல்ல, குனிஞ்சு காலப் பாத்தாரு. டெயில் ஸ்டாக் (மறுகோடியில கம்பியத் தாங்குதது) பக்கம் ஒரு காலுக்கு அடியில தளம் எறங்கியிருக்கு, அத கவனிக்காம நான் போல்ட்ட வச்சு இழுத்து முடுக்கியிருக்கேன். கயித்துக் கட்டில்ல ஒரு கால் கட்டையா இருந்து அதுமேல ஆள் உக்காந்தா சட்டம் எப்படி கோணும், அப்படித்தான் பெட்டு முறுக்கிக்கிட்டு நிக்கி. வார்ப்பிரும்பு எப்படிலே முறுக்கும்னு நீ கேப்ப. முறுக்கும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டருக்குத் தெரியும்.

நீ என்ன பண்ணு, 30 மிமீ கம்பி ஒண்ண சக்குல (கம்பியக் கவ்வுத தாடை) நல்லா பிடிச்சு 150 மிமீ வெளிய நீட்டி விடு, டெயில் ஸ்டாக் வேண்டாம், அது வந்தா அதோட தப்பும் சேந்துக்கிடும். நடுவுல கொஞ்சம் ஒல்லியாக்கிட்டு ரெண்டு கடைசியிலயும் வளையம் மாதிரி விட்டுரு. நல்லா தீட்டுன டூலால, ரொம்ப லேசான வெட்டு, கிராஸ் ஸ்லைட (டூல உள்ள வெளிய நகத்துதது) தொடாம ரெண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்துல எடுத்து அளந்து பாரு. வெளிக்கோடி வளையம் பருமனா இருந்தா டெயில் ஸ்டாக் பக்கம் நீ நிக்கிற திசைல உள்ள காலத் தூக்கணும், ஒல்லியா இருந்தா பின்னால உள்ள காலு. தூக்கணும்னா ஜாக்கி வச்சு இல்ல, குளிர்பான டின்னோட தகடு சுமார் 0.1 மிமீ இருக்கும், அத கத்தரிச்சு ஒண்ணொண்ணா அடியில சொருகி, முடுக்கி, மறுபடி வெட்டி, மறுபடி அள. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழம பூரா போச்சு, பேரனுக்கு ரெண்டு கலர் டின்னு வாங்கிக் குடுத்த செலவுதான். நீ அடியில மரப்பலகை போட்டிருக்கேன்னு எழுதியிருக்க பாரு, அத இன்னைக்கே எடுத்துரு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், இன்னைக்கு செட் பண்ணுனது கார்த்திகையில நிக்காது. ரெண்டு வளையமும் ஒண்ணா வந்தப்பறம்தான் டெயில் ஸ்டாக்கக் கொண்டு வந்து அது நடுவுல இருக்கான்னு பாக்கணும். முன்னப்பின்ன பண்ணிராத.

அடுத்து ஃபினிஷிங். நீ எழுதுனதுல இருந்தே தெரியுது, இன்சர்ட் போட்ட (நுனியில சின்னத் துண்டு மாட்டுத) கார்பைடு டூலு செட்டா வாங்கிப் போட்டிருக்க, 200 ஆர்பிஎம்ல ஓட்டுத. கார்பைடுக்கு வேகம் வேணும்லே, நம்ம பெல்ட் லேத்து அவ்வளவு ஓடாது, அதான் அது வெட்டாம பிச்சு எடுக்கு. உனக்கு எச்எஸ்எஸ்தான் (ஹைஸ்பீடு ஸ்டீல்) சரி. ஒரு மிராண்டா கம்பெனி பிட்டு வாங்கி கல்லுல தீட்டக் கத்துக்க, எச்எஸ்எஸ்க்கு சாதாரணக் கல்லு, பச்சக் கல்லு கார்பைடுக்கு. சூடு ஏறுனா எச்எஸ்எஸ்ஸ தண்ணியில முக்கலாம், பிரேஸ் பண்ணுன கார்பைட முக்குனா கீறல் விட்டுரும். வேகத்துக்கு நான் மனசுல வச்சிருக்கிற கணக்கு ஒண்ணுதான், எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) கம்பின்னா 8000-த்த மிமீ விட்டத்தால வகு, வர்றது ஆர்பிஎம். 25 மிமீன்னா 320, 10 மிமீன்னா 800, 50 மிமீன்னா 160. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அதுல ரெண்டு மடங்கு தாராளமா போகலாம்.

ஆமா, வீடு கட்டி மிஞ்சுன டிஎம்டி கம்பியிலயா கடைஞ்சு பழகுத? கிறுக்கா. அது மேல்தோல தண்ணியடிச்சு வெறப்பாக்கித்தான் விடுவான், அதுல டூலு வழுக்கும், அப்பறம் திடீர்னு கடிக்கும். இரும்புக்கடையில எம்எஸ் ரவுண்டு இல்லன்னா ஈஎன்1ஏ (லேசா வெட்டுப்படுத ஸ்டீல்) கேட்டு வாங்கு, சுருள் வரதப் பாத்து உனக்கே சந்தோசமா இருக்கும்.

டூலு ஒசரத்துக்கு ஒரு சுருக்கு வழி. ஆறு இஞ்சு ஸ்டீல் ஸ்கேல கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவுல செங்குத்தா வச்சு லேசா டூல நெருக்கு, ரொம்ப முடுக்காத. ஸ்கேல் நேரா நின்னா டூலு சென்டர்ல இருக்கு. மேல்முனை உன்னப் பாத்து சாஞ்சா டூலு கீழ இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேல இருக்கு. அடியில பேக்கிங்குக்கு ஒடஞ்ச ஆக்ஸா பிளேடுதான், தமிழ்நாட்டுல எந்த லேத்துப் பட்டறையிலயும் டூல் போஸ்டுக்கு அடியில அது இல்லாம நான் பாத்ததில்ல. முகத்த ஃபேசிங் பண்ணுதப்ப (கம்பி முனைய மட்டமா வெட்டுதப்ப) நடுவுல சின்னதா முளை நிக்குதுன்னு எழுதியிருந்தியே, அதுவும் இந்த ஒசரக் கோளாறுதான்.

பார்ட்டிங் டூலு ஒடையிறதுக்கு மொதக் காரணம் பயம். சேடில (டூலத் தூக்கிக்கிட்டு பெட்டு மேல ஓடுதது) லாக் பண்ணு, ஜிப்ப (ஸ்லைடு ஆட்டத்த எடுக்கிற பட்டை) முடுக்கு, டூல தேவைக்கு மேல வெளிய நீட்டாத, ஜாப்ல (கடையிற சாமான்ல) வெட்டுத எடம் சக்குக்கு ஒட்டி இருக்கட்டும், வேகத்தப் பாதியாக்கு, ஆயில் விட்டுக்கிட்டே நிக்காம உள்ள குடு. பயந்து பயந்து குடுத்தா டூலு தேய்க்கும், தேச்சு தேச்சு சூடாகி ஒரு நேரத்துல கப்புன்னு கவ்வும், டப்புன்னு போயிரும். அந்தப் பக்கம் டெயில் ஸ்டாக் சென்டர் வச்சு தாங்கிக்கிட்டு மட்டும் வெட்டவே வெட்டாத, அறுந்து போற நேரத்துல ரெண்டு துண்டும் டூல நெருக்கிரும். உங்க ஊர்ல சொப்பு சாமான் கடையிறவங்களப் போயி பாரு, உளி கையிலதான் இருக்கும், கண்ணு எங்கயோ இருக்கும், காதுதான் வேலை பாக்கும். நமக்கு உளியக் கையில பிடிக்க முடியாது, காது அதே காதுதான். சரியா வெட்டுனா சர்ருன்னு ஒரே சுதியில போவும், கீச்சுன்னா எங்கயோ லூசு இருக்கு.

டயல்ல கணக்குப் பண்ணி வெட்டுனேன், அளவு வரலன்னு சொன்னதுக்கு ரெண்டு விசயம். உன் கிராஸ் ஸ்லைடு டயலு விட்டத்தக் காட்டுதா, ஆரத்தக் காட்டுதான்னு மொதல்ல பாரு, அரை மில்லி குடுத்து எவ்வளவு கொறையுதுன்னு அளந்தா தெரிஞ்சிரும். ரெண்டாவது, பழைய ஸ்க்ரூவுல கால் சுத்து சும்மா ஓடும். கோட்டத் தாண்டிப் போயிட்டா கோட்டுக்குத் திருப்பாத, அரை சுத்து முழுசா பின்னால வந்துட்டு மறுபடி முன்னால வா. கடைசி ரெண்டு வெட்டுக்கு முன்னால மெஷின நிறுத்தி அளந்துக்க, டயலு சொல்லுதத சாட்சியா எடுத்துக்கிடாத.

இப்ப முக்கியமானது, சிரிக்காம படி. சாரத்தோட (லுங்கியோட) லேத்துக்கிட்ட நிக்காத. போன வருசம் ராத்திரி ஒம்பது மணி இருக்கும், தனியா ஷெட்டுல நிக்கேன், ஆட்டோ ஃபீடு போட்டுட்டு ஜாப எட்டிப் பாத்தேன். ஃபீடு ராடு (டூலத் தானா நகத்துத நீளக் கம்பி) தொடை ஒசரத்துலல்லா பையப் பையச் சுத்துது, அதுல சாரத்து முனை மாட்டிருக்கு. வேகமா சுத்துனாலாச்சும் ஒடனே தெரியும், இது அமைதியா ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னு பீடி சுருட்டுத மாதிரி சுருட்டிக்கிட்டே வருது, நான் உணந்தப்ப இடுப்பு மெஷின்ல ஒட்டி நிக்கி. சுவிட்சு எங்க இருக்கு? பின்னால செவுத்துல. கையெட்டல. முடிச்சு லூசா இருந்ததுனால சாரம் உருவிக்கிட்டுப் போச்சு, இல்லன்னா இந்த லெட்டர் வந்திருக்காது. சத்தங்கேட்டு வீட்டுக்காரி காப்பித் தம்ளரோட வந்து நிக்கா, நான் வெறும் அண்டர்வேரோட நிக்கேன். அவ இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கா. மறுநாளே செவப்பு அமுக்கு சுவிட்சு ஒண்ணு வாங்கி எடது கைக்கு எட்டுத எடத்துல மாட்டிட்டேன், நீயும் மாட்டு. தோள்ல துண்டு, கையில கிளவுஸ், மோதிரம், ஒண்ணும் ஆவாது. சுருளக் கையால இழுக்காத, சைக்கிள் போக்ஸ் கம்பிய வளச்சு கொக்கி பண்ணிக்க. சக்கு சாவி சக்குல இருக்குதப்ப கைய அதுல இருந்து எடுக்கவே கூடாது, இத எனக்கு ஐடிஐல தலையில குட்டிச் சொன்னாங்க, உனக்கு ஃபிட்டர் செக்‌ஷன்ல குட்டு விழுந்திருக்காது.

மில்லிங் மெஷினும் (கட்டரு சுத்தி வெட்டுத மெஷினு) ஒண்ணு வாங்கவான்னு கேட்டிருக்க. இப்ப வேண்டாம். மெஷின் வெல போக வைஸு, ஈஆர்32 கோலட்டு, பேரலல், எண்டு மில்லுன்னு கிட்டத்தட்ட இன்னொரு பாதி வெல ஆவும், எவனும் இத மொதல்லயே சொல்லமாட்டான். அதுக்குப் பதிலா டிரில்லிங் மெஷின்ல எண்டு மில்லு மாட்டி ஒப்பேத்திரலாம்னு நெனைக்காத, டிரில் சக்கு கீழ அமுக்குததுக்குப் பண்ணுனது, பக்கவாட்டுல தள்ளுனா அது மாட்டியிருக்கிற டேப்பர்ல இருந்து கழண்டு சுத்திக்கிட்டே கீழ வரும். லேத்துலயே வெர்டிகல் ஸ்லைடு (ஜாப மேல கீழ நகத்துதது) மாட்டி சின்னச் சின்ன வேலை ஓட்டலாம், கட்டர் சுத்துதத எதுத்தே ஜாப ஊட்டு. கூடவே போனா நம்ம ஸ்க்ரூ லூசுக்கு கட்டரே ஜாப உள்ள இழுத்துக்கிடும்.

ஸ்டீம் எஞ்சின் பண்ணணும்னு துடிக்க, பண்ணுவோம். அதுக்கு முன்னால ஒரு பித்தள பம்பரம் பண்ணு. வெளையாட்டுக்குச் சொல்லல, ஃபேசிங், டேப்பர், டிரில்லிங், பார்ட்டிங் எல்லாம் அதுல வந்துருது. 40 மிமீ பித்தளக் கம்பி, ஆணி வர்ற பக்கம் வெளிய பாத்த மாதிரி பிடி. சென்டர் டிரில் போட்டு ஆணிக்கு ஓட்டை, காம்பவுண்ட (கோணத்துக்குத் திருப்புத மேல் ஸ்லைடு) திருப்பி சரிவு, சாட்டை உக்கார மூணு வரி, அப்பறம் தலைப்பக்கம் அறுத்து எடு. எல்லாம் ஒரே பிடியில முடியணும். நடுவுல கழட்டி மாட்டுனேன்னு வையி, பழைய மூணு தாடை சக்கு 0.1 தள்ளிப் பிடிச்சா ஆச்சரியமில்ல, ஆணி ஒரு சென்டர்லயும் ஒடம்பு ஒரு சென்டர்லயும் நிக்கும், பம்பரம் குடிகாரன் மாதிரி ஆடும். பித்தளைக்கு டூலு மேல்பக்கம் சரிவில்லாம மட்டமா இருக்கட்டும், டிரில் பிட்டோட வெட்டு விளிம்பையும் கல்லுல ஒரு இழுப்பு இழுத்து மழுக்கிக்க, இல்லன்னா பித்தள அத திருகாணி மாதிரி உள்ள இழுத்துரும்.

வார சனிக்கிழம காலைல செங்கோட்டை பாசஞ்சர்ல வாரேன். டயல் கேஜும் மேக்னெட் பேஸும் நான் கொண்டாரேன், நீ அந்தப் பலகைய எடுத்துட்டு டின்னு ரெண்டு குடிச்சு வச்சிரு. மதினிட்ட மத்தியானத்துக்கு சொதி கேட்டேன்னு சொல்லு. அதுவரைக்கும் லேத்துக்கு வெல பேச எவன் வந்தாலும் வாசல்லயே அனுப்பிரு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்