மொன்றியலில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு நீ போன் எடுத்த நேரம் நான் மைதானத்தில் நின்றேன். காற்று இரைச்சலில் ஒன்றும் விளங்காமல் வைத்துவிட்டாய். பிறகு, "முழங்கால் நோவோடு இந்தக் குளிருக்குள் கீழ்ப் பிரிவு மட்ச் பார்க்க ஏன் அப்பா போறீங்கள், கே.எஸ்.ஸி. விளையாட்டை வீட்டில் இருந்தே டீவியில் பார்க்கலாமே" என்று எழுதியிருந்தாய். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதுதான் பேப்பரும் பேனையும் எடுத்தேன்.

நீ சொல்கிற கே.எஸ்.ஸி. நம் கார்ல்ஸ்ரூஹேயின் பெரிய கழகம். நான் போய்ப் பார்க்கிறது இதே ஊரின் இன்னொரு உதைபந்தாட்டக் கழகம், கார்ல்ஸ்ரூஹேர் எஃப்.வி., இங்கே எல்லாரும் கே.எஃப்.வி. என்றுதான் சொல்வார்கள். நீ இந்த ஊரிலேயே வளர்ந்தும் உனக்கு அந்தப் பெயர் பெரிதாகத் தெரிந்திருக்காது, எனக்கே இருபது வருஷம் தெரியாது. 1891 நவம்பரில் வால்தர் பென்ஸமன் என்கிற பதினெட்டு வயதுப் பெடியன் தொடங்கியது. பெர்லினில் பிறந்த யூதப் பிள்ளை, இங்கே படிக்க வந்தவன். ஜேர்மனியில் உதைபந்தை ஆங்கிலேயரின் பைத்தியக்கார விளையாட்டு என்று பலர் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் பந்தடித்த இடத்துக்கு இன்றைக்கும் எங்லேண்டர்பிளாட்ஸ், அதாவது ஆங்கிலேயர் மைதானம், என்றுதான் பெயர், நீ ட்ராமில் எத்தனை தரம் அந்தப் பக்கத்தால் போயிருப்பாய். பென்ஸமனேதான் பிற்காலத்தில், 1920இல், கிக்கர் என்கிற உதைபந்துப் பத்திரிகையையும் தொடங்கினார்.

1903இல் ஜேர்மனியின் முதலாவது சாம்பியன் போட்டி. அரையிறுதியில் பிராக் நகரத்து அணியோடு கே.எஃப்.வி. மோத வேண்டும். ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று ஒரு தந்தி வந்தது, இவர்கள் பயணப்படாமல் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். தந்தி பொய்! வராத அணி என்று இவர்களை நீக்கிவிட்டு பிராக்கை இறுதிக்கு அனுப்பினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் 1910இல் வென்றார்கள். அரையிறுதியில் இதே ஊரின் இன்னொரு கழகம், முந்தின வருஷச் சாம்பியன் ஃபீனிக்ஸ், அதை 2-1. இறுதி ஆட்டம் கொலோனில், ஹோல்ஸ்டைன் கீலுக்கு எதிராக. மேலதிக நேரத்தில், 114ஆவது நிமிஷத்தில், மாக்ஸ் பிரொய்னிக் அடித்த தண்ட உதை ஒன்றுதான் கோல். அந்த அணியின் முன்வரிசையைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்: ஃபோர்டெரர், கொட்ஃப்ரீட் ஃபுக்ஸ், யூலியுஸ் ஹிர்ஷ். கடைசி இரண்டு பேரும் யூதர்கள், இரண்டு பேரும் ஜேர்மன் தேசிய அணிக்கு விளையாடினார்கள். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவை 16-0 என்று அடித்த ஆட்டத்தில் ஃபுக்ஸ் மட்டும் பத்துக் கோல். ஜேர்மன் அணிக்கு ஒரே ஆட்டத்தில் பத்தை இன்றுவரை வேறு யாரும் அடிக்கவில்லை. அதே வருஷம் நெதர்லாந்தோடு 5-5 என்று முடிந்த ஆட்டத்தில் ஹிர்ஷ் நாலு.

சரி, இனிக் கொஞ்சம் பொறுமையாக வாசி.

உனக்கு ஞாபகம் இருக்கா, பத்து வயதில் உன்னை நம் பக்கத்துக் கழகத்தில் சேர்த்தது? ஜேர்சி தோய்க்கிற முறை ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி மாறி வரும். எங்கள் முறை வந்தால் பதினாலு ஜேர்சி, பதினாலு காற்சட்டை, அத்தனையும் சேறு. ஹீட்டர் ஒவ்வொன்றிலும் தொங்கப்போட்டு வீடு முழுக்க ஈர மண் மணக்கும், அம்மா இரண்டு நாளைக்கு முணுமுணுப்பா. ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது அந்த அங்கத்துவப் படிவம். உன் பெயரை முழுதாக எழுத அந்தப் பயிற்சியாளர் மூன்று தரம் என்னை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதி, பிழையில்லையே என்று திருப்பிக் காட்டினார். இந்த நாட்டில் எத்தனையோ கந்தோரில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன், ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் இந்த ஊரில் எங்களுக்கும் ஒரு இடம் இருக்கு என்று எனக்குப் பட்டது.

ஹிர்ஷும் அப்படித்தான் பத்து வயதில், 1902இல், கே.எஃப்.வி.யில் சேர்ந்தவர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகச் சண்டை பிடித்து இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர், அவருடைய தம்பியோ அண்ணனோ ஒருவர் அந்தப் போரிலேயே செத்துப்போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், ஏப்ரல் மாதம், தென் ஜேர்மனியின் பெரிய கழகங்கள் சேர்ந்து யூதர்களை விலக்க ஒத்துழைப்போம் என்று அறிக்கை விட்டன, அதில் கே.எஃப்.வி. பெயரும் இருந்தது. கழகத்திலிருந்து ஆள் வந்து சொல்லவில்லை, அவர் அதைப் பத்திரிகையில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கே, ஏப்ரல் 10ஆம் தேதி, தன் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 1902 முதல் தான் இருக்கும் கழகத்திலிருந்து கனத்த மனதோடு விலகுகிறேன் என்று. இந்த நாட்டுக்காக இரத்தம் சிந்திய யூதர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. திட்டி ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. முதன்முதல் அந்தக் கடிதத்தைப் பற்றி வாசித்த இரவு உன்னுடைய அந்தப் படிவம்தான் என் கண்ணுக்குள் நின்றது. முப்பத்தொரு வருஷம் எழுதியிருந்த பெயரைத் தன் கையாலேயே வெட்ட வைத்தார்களே பிள்ளை.

மனைவி யூதர் இல்லை. அவவையும் பிள்ளைகளையும் காப்பாற்ற விவாகரத்துச் செய்தார். 1943 மார்ச் 1ஆம் தேதி இதே கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். மார்ச் 3 என்று டோர்ட்முண்ட் தபால் முத்திரையோடு ஒரு அட்டை வந்தது, மகள் எஸ்தரின் பிறந்தநாளுக்கு. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கொலைக்குப் போகிற பாதையில் அந்த மனுஷனுக்கு மகளின் பிறந்தநாள் மறக்கவில்லை.

ஃபுக்ஸ் தப்பினார். 1937இல் சுவிஸ், பிறகு பிரான்ஸ், 1940இல் கனடா. அங்கே பெயரைக் கொட்ஃப்ரி ஃபொக்ஸ் என்று மாற்றிக்கொண்டார். வாழ்ந்து முடித்தது எங்கே தெரியுமா? உன்னுடைய மொன்றியலில். 1954இல் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கருக்குச் சின்ன வயதில் ஃபுக்ஸ்தான் கதாநாயகன். 1972இல் அவரை விருந்தினராக ஜேர்மனிக்குக் கூப்பிடுங்கள் என்று ஹெர்பெர்கர் ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தைக் கேட்டார். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர்களையும் கூப்பிட வேண்டி வரும் என்கிற மாதிரி மறுத்துவிட்டார்கள். மறுப்பு எழுதுகிற நேரம் ஃபுக்ஸ் உயிரோடேயே இல்லை, பெப்ரவரியில் இறந்துவிட்டார். அந்தச் சங்கமே 2005இல் இருந்து ஹிர்ஷ் பெயரில் பரிசு கொடுக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் எவ்வளவு பிந்தி.

கே.எஃப்.வி. பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி, 2004இல் கடனில் மூழ்கி அணியே இல்லாமல் போய், 2007இல் அடிமட்டப் பிரிவில் திரும்பவும் தொடங்கியது. இப்போது விளையாடுகிறவர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு வருகிற பெடியள். போன ஞாயிறு ஒருவனுக்குச் சப்பாத்தின் அடி பிரிந்துவிட்டது, டேப் சுற்றிக்கொண்டு மிச்ச நேரமும் ஓடினான். அறிவிப்பவர் ஒவ்வொரு பெயராகப் படிக்கும்போது, எந்தெந்த நாட்டுப் பெயரோ, நான் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக் கேட்பேன். அதற்குத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளேன்.

அங்கே வேலையிடத்தில் உன் பெயரைப் பாதியாகச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள், பழகிவிட்டது என்றாய். உன் விருப்பம். ஆனால் யாராவது முழுப் பெயரைக் கேட்டால் மெதுவாக மூன்று தரம் சொல்லிக்கொடு.

பழைய கே.எஃப்.வி. மைதானம் இருந்த பக்கத்தில் இப்போது கொட்ஃப்ரீட் ஃபுக்ஸ் பெயரில் ஒரு சதுக்கமும் ஹிர்ஷ் பெயரில் ஒரு வீதியும் இருக்கு. இரண்டு பலகையையும் படம் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். கை நடுங்கியதில் ஒன்று கொஞ்சம் சரிவு. முழங்காலுக்கு டொக்டர் சொன்ன பட்டி கட்டித்தான் போகிறேன், அம்மாவிடம் கேட்டுப்பார். நீ கையுறை இல்லாமல் வெளியில் திரியாதே.

அப்பா