அந்த முதல் ஃபேஸைத் திரும்ப எடு

அன்புள்ள சேது,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அனுப்பிய சிடி படங்களைப் பார்த்த பிறகு திட்டுகிற முறை என்னுடையதாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதி காலி.

ஈரலின் ஆறாம் செக்மென்ட்டில் இருக்கும் 22 மி.மீ. கட்டிக்கு, 'ஆர்ட்டீரியல் ஃபேஸில் நிறமேற்றம் இல்லை', அதாவது ஊசியில் ஏற்றிய காண்ட்ராஸ்ட் மருந்து ஆர்ட்டரி வழியாக வரும் முதல் கட்டத்தில் கட்டி வெளுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் படத்தில் குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயினைப் பார்த்தாயா? பெரிய ஆர்ட்டரியான அயோர்ட்டா பளீரென்று இருக்கிறது, போர்ட்டல் வெயின் கறுப்பாகக் கிடக்கிறது. மருந்து கட்டிக்குள் போவதற்கு முன்பே எடுத்த படம் அது. நமக்கு வேண்டியது அந்தக் கட்டத்தின் பிற்பகுதியான லேட் ஆர்ட்டீரியல். அதுவென்றால் போர்ட்டல் வெயினில் லேசாக வெளிச்சம் தட்டியிருக்க வேண்டும், ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் வெயின்களுக்கு மருந்து இன்னும் வந்திருக்கக் கூடாது. நம் வாத்தியார் மீசைக்காரர் இருந்திருந்தால் படத்தை மூஞ்சியில் வீசியிருப்பார்.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாக வருவது. ஈரல் செல்லிலேயே கிளம்பும் ஹெப்பாட்டோசெல்லுலர் புற்றோ ஆர்ட்டரியை நம்பியே பிழைக்கிறது. சுற்றியுள்ள ஈரல் மங்கலாக இருக்கும்போது கட்டி மட்டும் வெளுத்துத் தெரியும் அந்தச் சில விநாடிகளைத் தவறவிட்டால், பிறகு வாஷ் அவுட், அதாவது மருந்து வடிந்து கட்டி சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுப்பது, எவ்வளவு அழகாக வந்தாலும், ஈரல் கட்டிகளைத் தரம் பிரிக்கும் லைராட்ஸில் 'இந்தப் புற்றேதான்' என்று சொல்லும் எல்ஆர்-5 கொடுக்க வழியில்லை.

உங்கள் ஆள் ஊசி போட்டு 25 விநாடி எண்ணிவிட்டு ஸ்கேன் போடுகிறார் போலிருக்கிறது. இதயம் மெதுவாக இறைக்கும் கிழவருக்கும் வாலிபனுக்கும் ஒரே எண்ணிக்கை எப்படிச் சரிப்படும்? மருந்து வந்து சேர்வதைப் பார்த்து ஸ்கேன் தொடங்கும் போலஸ் ட்ராக்கிங் போடச் சொல். வயிற்று அயோர்ட்டாவில் வட்டம் வைத்து, வெளுப்பு 100 ஹெச்யூ (சிடி அளவுகோல்) தொட்டதும் 15 முதல் 20 விநாடி கழித்து எடுக்கட்டும். அடுத்ததான போர்ட்டல் ஃபேஸ் ஊசி தொடங்கி 70 விநாடியில், கடைசி 3 நிமிடம் தாண்டி. புறங்கையில் மெல்லிய நீல வென்ஃப்ளான் ஊசிக்குழாயைக் குத்தி விநாடிக்கு 2 மில்லி வேகத்தில் ஏற்றினால் மருந்து கஞ்சித்தண்ணி மாதிரி நீர்த்துப் பரவும், உச்சமே வராது. முழங்கை மடிப்பில் அதைவிடப் பருமனான பச்சையோ பிங்க்கோ போட்டு, விநாடிக்கு 4 மில்லி. மில்லிக்கு 350 மி.கி. அயோடின் உள்ள மருந்தென்றால் கிலோவுக்கு 1.5 மில்லி, பின்னாலேயே 30 மில்லி சலைன்.

நாலாம் செக்மென்ட்டில் நீ 'இன்னொரு கட்டி' என்று வட்டம் போட்டிருப்பது ஷண்ட்டாக, அதாவது ஆர்ட்டரி ரத்தம் போர்ட்டல் வெயினுக்குள் பாயும் குறுக்குவழியாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். ஈரலின் உறையான கேப்ஸ்யூலை ஒட்டி ஆப்பு வடிவம், போர்ட்டல் ஃபேஸில் ஈரலோடு ஈரலாகக் கலந்துவிடுகிறது, வாஷ் அவுட் இல்லை. தழும்பேறிச் சுருங்கிய சிரோசிஸ் ஈரலில் இது சகஜம். இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பிடித்திருக்கிறாய், பரீட்சையில் செய்த அதே வேலை!

சேது, இனி விளையாட்டில்லை. போர்ட்டல் வெயினின் வலது கிளைக்குள் ஓர் அடைப்பு தெரிகிறது, குழாயும் அங்கே உப்பியிருக்கிறது. வெறும் ரத்தக்கட்டியா, புற்றே உள்ளே வளர்ந்திருக்கிறதா? புற்றென்றால் அதுவும் ஆர்ட்டரி ரத்தம் குடிக்கும். சரியான ஆர்ட்டீரியல் ஃபேஸில் அடைப்புக்குள் மெல்லிய கோடுகளாக மருந்து ஓடும். அப்படி இருந்தால், ஈரல் புற்றை நிலை பிரிக்கும் பிசிஎல்சி கணக்கில் நேராக முற்றிய நிலையான சி, சிகிச்சைப் பாதையே வேறு. அடுத்த வாரம் டேஸ் (ஆர்ட்டரி வழியாகக் கட்டிக்கு மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் சிகிச்சை) என்று நாள் குறித்திருக்கிறார்களாமே, அதற்குள் இது தெரிந்தாக வேண்டும்.

திரும்ப எடுக்கும் முன் கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார். ஏறியிருந்தால் காண்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் போதும். அதில் மருந்தாக ஏற்றும் நுண்குமிழிகள் கிட்னி வழியாகப் போவதில்லை, ஓட்டத்தை நேரடியாகப் பார்ப்பதால் நேரம் தவறுகிற பேச்சும் இல்லை. ப்ரோபை முதலில் அந்த அடைப்பின் மேல் வை, ஆர்ட்டரி நேரம் அங்கேயே கழியட்டும். கட்டிக்கு இரண்டாம் ஊசி போட்டுக்கொள்ளலாம். அதில் வாஷ் அவுட் 60 விநாடிக்குப் பிறகு லேசாக வந்தால் நம் சந்தேகம் சரி. அதற்கு முன்பே வந்தாலோ, ஓரம் மட்டும் வளையமாக வெளுத்தாலோ பித்தநாளப் புற்றான கொலாஞ்சியோவை நினை, பயாப்ஸி கேள்.

படங்கள் வந்ததும் ராத்திரியானாலும் அனுப்பு.

உன்
ரகு