ஓட்டுநர் இருக்கையில் எங்களை உட்கார வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும், சைக்கிள் கடைக்காரர்களுக்கும், போக்குவரத்துக் காவலர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூர் பள்ளித் திடலில் ஞாயிறு காலை நடந்த சைக்கிள் பாதுகாப்பு வகுப்பு உங்களால்தான் நடந்தது. இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பேப்பர் போடும் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கேரியரில் கூடை கட்டிச் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் என்று வந்திருந்த யாருக்கும் சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல. தனித் தடமும் இவர்களுக்குக் கிடையாது. 2020-இல் வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் தூண் நட்டுப் பிரித்த தடம்கூட மெட்ரோ வேலையில் போய்விட்டது. பேருந்தும் லாரியும் ஆட்டோவும் போகிற இடத்திலேயே இவர்களும் போயாக வேண்டும். நீங்கள் கற்றுத் தந்ததை எல்லாம் வர முடியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதால், நன்றியோடு சேர்த்து அதையும் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, 12 மீட்டர் நீளப் பேருந்தைத் திடலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொருவரையும் தன் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்த ஓட்டுநர் அண்ணனுக்கு. அங்கிருந்து பார்த்தால், முன் பம்பரை ஒட்டி நின்ற சிறுவனையும் சைக்கிளையும் காணவில்லை. இடப்பக்கம் இன்னும் மோசம். முன்வாசலில் தொடங்கிப் பின்சக்கரம் வரை வண்டியை ஒட்டி நின்றவர்களில் ஒருவரின் தோள் மட்டும் தெரிந்தது, இன்னொருவரின் தோள்கூடத் தெரியவில்லை. கண்ணாடியை எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கம் தெரியும்போது மறுபக்கம் மறைந்துவிடுகிறது. அண்ணன் சொன்ன அளவுகோல் எல்லோர் மனதிலும் பதிந்தது: சைடு கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவருக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தாலும் அந்த நொடியில் அவர் உன்னைத்தான் பார்க்கிறார் என்று நம்பிவிடாதே.

அடுத்து அவர் செய்து காட்டியதுதான் அன்றைய வகுப்பின் உயிர். டயர்களில் கோலமாவைப் பூசி, பேருந்தை மெதுவாக இடப்புறம் வளைத்தார். முன்சக்கரத் தடத்துக்கு வெகுவாக உள்ளே தள்ளிப் போயிருந்தது பின்சக்கரத் தடம். கணக்கு எளியது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 6 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில், முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் பின்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில்தான் வரும். அதாவது 2 மீட்டர் உள்ளே. பேருந்தின் முன்பகுதி நம்மைத் தாண்டி நல்ல இடைவெளி விட்டுப் போனதே என்று நினைத்து இடப்பக்க ஓரத்தில் நிற்கிறவரை, அந்த 2 மீட்டர்தான் நடைபாதைக் கல்லோடு சேர்த்து நெருக்குகிறது. ஓட்டுநர் கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நீள வண்டி அப்படித்தான் திரும்பும். ஆகவே சிக்னலில் பேருந்தோ லாரியோ நின்றால் இடப்பக்க சந்தில் நுழைந்து முன்னால் போகப் பார்க்கக் கூடாது. இண்டிகேட்டர் போடாமல் நின்றாலும் சரி, பின்னாலேயே நிற்க வேண்டும். மின்சாரப் பேருந்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அது கிளம்பும்போது எஞ்சின் உறுமாது, காதை நம்பி ஒதுங்கலாம் என்பது நடக்காது.

பேருந்து ஓட்டுகிறவர்கள் ஏற்றுக்கொண்டதையும் இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மிகப் பெரிய உதவி அதுதான். நிறுத்தம் 50 மீட்டருக்குள் இருந்தால் சைக்கிளை முந்துவதில்லை, அவர் கடந்து போகும்வரை பின்னால் வருவது என்றார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் அந்தத் தூரத்தை 12 நொடியில் கடந்துவிடும். முந்திக்கொண்டு உடனே இடப்பக்கம் ஒடித்தால், அந்த 12 நொடிக்காக ஒருவர் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டுவார். எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் புகக் கூடாது. இறங்குகிறவர்கள் நேரே சைக்கிள் மேல்தான் இறங்குவார்கள்.

ஆட்டோ, டாக்சி ஓட்டும் அண்ணன்களுக்கு அடுத்த நன்றி. கதவைப் பற்றி நீங்கள் சொன்னது ஒரே நிமிடப் பாடம். ஓரமாக நிறுத்திய காரில் ஓட்டுநர் தன் வலப்பக்கக் கதவை இடக்கையால் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். நடு ரோட்டில் நின்ற டாக்சியிலிருந்து இடப்பக்கம் இறங்கும் பயணி வலக்கையால் திறக்க வேண்டும். வண்டி நின்றதும் “பின்னாடி பாத்துத் திறங்க” என்று ஒரு வார்த்தை சொல்கிறோம் என்றீர்கள். தமிழோ கன்னடமோ இந்தியோ, அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். நிறுத்திய கார் வரிசையை ஒட்டி ஓட்டாமல், கதவு முழுதாகத் திறந்தாலும் படாத அளவுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி ஓட்டுவதாக நாங்களும் உறுதி சொல்லியிருக்கிறோம். சைக்கிள் ஓரத்தை விட்டு உள்ளே வருவது திமிரால் அல்ல, இதனால்தான் என்பதைப் பின்னால் வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றரை மீட்டர் கயிற்றைப் பிடித்து நின்ற பிள்ளைகளுக்கும் நன்றி. சைக்கிளை முந்தும்போது பக்கவாட்டில் அவ்வளவு இடம் வேண்டும் என்பது கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் பள்ளத்தைப் பார்த்துச் சைக்கிள் விலகினால் அரை மீட்டர், சில நேரம் அதற்கு மேலும் போகும். லாரி வேகமாகக் கடந்தால் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். இடமில்லாத தெருவில் முந்தாமல் பின்னால் வருவதுதான் வழி. முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறவரின் ஹேண்டில்பாரும் வலப்பக்கமே போகும், உங்கள் சக்கரத்தை நோக்கி. அடிப்பதானால் 30 மீட்டர் தள்ளியே சின்னதாக ஒன்று போதும்.

சைக்கிள் கடை அண்ணன் காசு வாங்காமல் எல்லா வண்டிகளையும் பார்த்துக் கொடுத்தார். பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் ஹேண்டில்பாருக்கும் பிடிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. கட்டை ரிம்மில்தான் படவேண்டும். டயரில் உரசினால் டயர் கிழியும். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், ஆகவே சிக்னலுக்கு முன்பே லேசாக அழுத்தித் துடைத்துவிட வேண்டும். பலருக்குத் தோன்றாத ஒன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார்: கேரியரில் பால் கேனோ பூக்கூடையோ கட்டினால் சீட்டுக்குக் கீழே உள்ள சிவப்பு விளக்கு மறைந்துவிடுகிறது. அவர் விளக்கைக் கழற்றிப் பின் மட்கார்டின் நுனியில் மாட்டினார். பெடலிலும் பெடல் தண்டிலும் ஒளிரும் பட்டை ஒட்டினார். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்தால் அது சைக்கிள் என்று ஓட்டுநருக்குத் தூரத்திலேயே பிடிபடும்.

காவலர்கள் ஒருவழிப் பாதையில் எதிரே வருவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேசினார்கள். பேசியது சரிதான். சந்திலிருந்து இடப்புறம் திரும்புகிற ஓட்டுநர் வலப்பக்கத்தை மட்டுமே பார்ப்பார். தவறான திசையில் வருகிறவர் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருவார்.

ஒருவேளை விபத்து நடந்துவிட்டால் உதவத் தயங்க வேண்டாம் என்பதையும் அவர்களே விளக்கினார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்குகளிலிருந்து காக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது. 108-க்கு அழையுங்கள். அடிபட்டவருக்குக் கழுத்தோ முதுகோ வலித்தால், உயிருக்கு வேறு ஆபத்து இல்லாதவரை அசைக்காமல் ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள்.

திடலைத் திறந்துவிட்ட பள்ளிக்கும், டீயும் பன்னும் கொடுத்த கடைக்கும் எங்கள் நன்றி. கண்ணாடிப் பாடத்தை லாரி ஓட்டுநர்களோடு சேர்ந்து ஒருமுறை நடத்தித் தரச் சம்மதித்த பேருந்து அண்ணனுக்கு இரட்டை நன்றி. கோலமாவு நாங்கள் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பகுதிச் சைக்கிள்காரர்கள்
பெங்களூரு