கேலியன் வழக்கின் பன்னிரண்டு ஜூரிகளுக்கு

அன்புள்ள பன்னிருவருக்கு,

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 2011 மார்ச்சில் மன்ஹாட்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில் ராஜ் ராஜரத்தினத்தின் வழக்கைக் கேட்க உட்கார்ந்தீர்கள். கம்பெனிகளின் வெளிவராத ரகசியங்களைத் தெரிந்துகொண்டு பங்கு வாங்கி விற்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் கொழும்பில் பிறந்த தமிழர். ஒரு காலத்தில் 700 கோடி டாலர் புழங்கிய கேலியன் நிதியத்தின் முதலாளி. அதனால் எங்கள் பக்கத்துப் பேச்செல்லாம் 'நம்ம ஆள்' என்பதிலேயே நின்றுவிட்டது. சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கூச்சம். அவர் போன் பேச்சைப் பதிவுசெய்த டேப்பில் என்னதான் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

நீங்கள்தான் கேட்டீர்கள். போதைமருந்துக் கும்பல்களுக்கும் மாஃபியாவுக்கும் வைக்கிற போன் ஒட்டுக்கேட்பை, வால் ஸ்ட்ரீட் என்கிற அமெரிக்கப் பங்குச் சந்தை உலகத்து ஆட்கள் மேல் அவ்வளவு விரிவாகப் பயன்படுத்திய முதல் வழக்கு அது. ஒரு டேப்பில் அவர் தன் ஆளிடம் சொல்கிறார்: கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் போர்டில் இருக்கிற ஒருவர் சொன்னார், பங்குக்கு 2 டாலர் நஷ்டம் வருமாம். சந்தையோ இரண்டரை டாலர் லாபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் முடிவு சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவர் தரப்பு வாதமும் லேசானதல்ல. ஊரறிந்த துண்டுச் செய்திகளைக் கோத்துப் பார்த்தார், அதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றார்கள். பங்குத் தொழிலில் அதைச் செய்யாதவர் யார்? எது உழைப்பு, எது திருட்டுத் துப்பு என்று ஒவ்வொரு பங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாளுக்கு 40 டாலர் படி வாங்கிக்கொண்டு, ஒரு கோடீஸ்வரரின் கணக்கை!

ஏப்ரல் 25 அன்று கூடிப் பேசத் தொடங்கினீர்கள். டேப்புகளை மறுபடி போடச் சொன்னீர்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒருவர் உடம்பு முடியாமல் விலக, மாற்று ஜூரி ஒருவர் வந்தார். பேசியதையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து பேசச் சொன்னார் நீதிபதி. மே 11 அன்று 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றீர்கள். அப்புறம் கிடைத்த 11 ஆண்டுச் சிறை நீதிபதியின் கணக்கு.

நான் எழுதுவது தீர்ப்பைப் பற்றியல்ல. இந்தியாவில் ஜூரி முறை என்றோ போய்விட்டது, எனக்கு அது சினிமாவில் பார்த்ததோடு சரி. அதனால் ஒன்றே ஒன்று கேட்க ஆசை. மற்ற பதினொரு பேரும் பல நாள் பேசிக் களைத்திருந்த அந்த அறைக்குள் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தபோது, முதலில் எந்த டேப்பை எடுத்தீர்கள்?

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்