ஊரறியச் செய்யச் சொல்கிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், காதலிக்கிறவர்கள் ஏன் திருட்டுத்தனமாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள், தைரியமிருந்தால் ஊரறியச் செய்யட்டுமே என்று எழுதியிருந்தார். நானும் என் மனைவியும் அந்தத் திருட்டுக் கூட்டம்தான். நான்கு வருடம் என் போனில் அவள் பெயர் 'கேஸ் ஏஜென்சி', அவள் போனில் நான் 'தையல் அக்கா'. ஒரே பஸ்ஸில் போனாலும் அவள் முன்பக்கம், நான் பின்பக்கப் படி. யாரையும் ஏமாற்றுகிற ஆசையில் அல்ல, உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை டிவியில் பார்த்த பயத்தில்.

சரி, ஊரறியச் செய்வதற்கு வருகிறேன். இருவரும் இந்துவாக இருந்தால் பாதகமில்லை, அண்ணா காலத்தில் 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறது, அதை ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்றில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லிவிட்டது. எங்களுக்கு அந்த வழி கிடையாது. நான் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண், இருவருக்குமே மதம் மாற மனமில்லை. நாங்கள் எடுத்த வழி 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் பதிவு அலுவலகத்துப் பலகையில் ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். சென்னைக்கு ஓடிப்போய் எழுதிக் கொடுத்தாலும், சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போய் அங்கேயும் ஒட்டுவார்கள்!

எங்கள் அறிவிப்பு ஒட்டிய பத்தாம் நாள் அவள் அப்பாவுக்குப் போன் போய்விட்டது. நிலம் பத்திரம் பண்ண வந்த யாரோ படித்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே அவளை அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள், போனும் பறிபோனது. இத்தனைக்கும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சட்டப்படி ஆட்சேபணையே இல்லை. வயது, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறையா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். இதையெல்லாம் அதிகாரியே சான்றிதழை வாங்கி விசாரித்துக்கொள்ளலாமே, சுவரில் எதற்கு ஒட்ட வேண்டும்? அந்த அறிவிப்பு மூன்று மாதம்தான் செல்லும். கடைசி வாரத்தில் அவள் எப்படியோ வெளியே வந்தாள், அதை இங்கே எழுத முடியாது, உதவினவர்கள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

கேரளத்தில் 2020இல் இந்த அறிவிப்புகளை இணையதளத்தில் ஏற்றுவதையாவது நிறுத்தினார்கள். முப்பது நாளை எடுக்க வேண்டுமென்றால் டெல்லிதான் மனது வைக்க வேண்டும், அது எப்போதோ. ஆனால் இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே உத்தரவு போட்டிருக்கிறதல்லவா, அந்த எண்ணை அதே பலகையில் எங்கள் முகவரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லி எழுதுங்கள்.

பெயர் போட வேண்டாம்,
திருநெல்வேலி மாவட்டம்.